இல்லாத படத்தின் ஐந்தாம் சுருள்

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். வந்தால் கத்தமாட்டேன், பாத்திரத்தை உருட்டமாட்டேன். வாயை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு காரியம் பண்ணிவைப்பேன். கத்தித் தொலைச்சாலாவது தேவலை என்பாள் என் மனைவி. அவள் கணக்கு டீச்சர். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள்.

எனக்குச் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அந்த நேரத்தில் வெளிநாட்டு ஏல சைட்டுகளைத் திறந்து பழைய படச்சுருள் தேடிக்கொண்டிருப்பேன். இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, என் மச்சான். அதாவது என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பத்தாவது மாடியில் இருக்கிற ஆளிடம் கத்திக் கத்திப் பழகி, மச்சான் சும்மா "டீ சாப்பிடலாமா" என்று கேட்டாலே தெருவே திரும்பிப் பார்க்கும். "மெதுவாப் பேசுங்க மச்சான்" என்பேன். "மெதுவாத்தானே மாப்ளே பேசறேன்!" என்று அதையும் கத்துவார். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தங்கச்சியைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. இருந்தது தங்கச்சி, நான், படச்சுருள். அவ்வளவுதான்.

இந்தத் தேடலுக்கு ஒரு முறை இருக்கிறது. படத்தின் பெயரைப் போட்டுத் தேடுகிறவன் முட்டாள். அந்தப் பக்கம் விற்கிறவர்கள் பாதிப்பேர் செத்தவர்கள் வீட்டைக் காலி பண்ணித் தருகிறவர்கள். நம்ம எழுத்து அவர்களுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். அதனால் 'தெரியாத மொழி', 'வட்ட வட்ட எழுத்து', 'நீளத் துணி சுற்றிய பெண் அழுகிறாள்' என்று அவர்கள் வாயால் தேட வேண்டும். தகர டப்பாவைத் தலைகீழாகப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். நாம் போனைத் திருப்பிவைத்துப் படிக்க வேண்டும். நானும் மச்சானும் தேடும் வார்த்தைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். யார் கண்ணில் பட்டாலும் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒருத்தர் ஏலம் கேட்கும் சுருளுக்கு இன்னொருத்தர் போட்டிக்கு நிற்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தை மீறினவர் அவர். மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த ஒரு குழந்தைகள் படம் கடைசியில் ஏலத்துக்கு வந்தது. நான் மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். முடிய நாலு விநாடி இருக்கும்போது எவனோ புதுப் பெயரில் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு மாசம் கழித்து மச்சான் வீட்டு அலமாரியில் அந்த டப்பா உட்கார்ந்திருக்கிறது. "சும்மா விளையாட்டுக்கு மாப்ளே! உன் மூஞ்சியைப் பாக்கணும்னுதான்!" என்று தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு படத்தையே உண்டாக்கினேன்.

படம் சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு இணையதளம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். தெரிந்ததை யாரும் எழுதலாம், எழுதினவர் பிறகு திருத்தலாம். படத்தின் பிரதி நிஜமாகவே கிடைத்துவிட்டால் நிர்வாகி சரிபார்த்து முத்திரை குத்திப் பக்கத்தைப் பூட்டிவிடுவார். அதன்பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதில் ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் என்ற பொய்ப்பெயரில் நுழைந்து, 'மாடிக்குப் போனவன்' என்று ஒரு படத்துக்குப் பக்கம் போட்டேன். கறுப்பு வெள்ளை, ஐந்து சுருள். ஒருவன் ஒரு வீட்டை வாங்குவதற்காகப் பார்க்க வருகிறான். கீழே எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மாடியைப் பார்க்கத் தனியாக ஏறிப் போகிறான். இறங்கி வரவேயில்லை. கீழே இருக்கிற குடும்பத்தைக் கேட்டால், மேலே யாரும் போகவில்லையே என்கிறார்கள். கடைசிச் சுருள் எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் எழுதினேன். எழுதும்போது மனசுக்குள் அந்த ஆளாக மச்சானைத்தான் வைத்திருந்தேன். போய்த் தொலையட்டும் என்று இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாளே மச்சான் மாட்டிக்கொண்டார். "மாப்ளே, அந்தப் படத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். "சின்ன வயசுல யாரோ சொன்ன ஞாபகம்" என்று நானும் எண்ணெய் ஊற்றினேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் விடமாட்டார்ங்க. ஒரு வாரத்துல உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லவில்லை. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு, மாசம் இரண்டு வருஷமாச்சு. மற்ற படமெல்லாம் அவருக்கு மறந்தே போச்சு. வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டைத் திறந்துபோட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். இனிமேல் எந்த மூஞ்சியோடு சொல்வது என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் மச்சான் என் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஏல சைட்டில் தலைகீழாக ஒரு தகர டப்பா. போனைத் திருப்பினேன். துருப்பிடித்த மூடியில் பெயின்டால் எழுதியிருந்தது, மாடிக்குப் போனவன். விற்கிறவர் கீழே குறிப்புப் போட்டிருந்தார்: தெரியாத மொழி, நாலு சுருள், ஐந்தாவது இல்லை.

யாரோ என் பொய்யைப் படித்துவிட்டு வித்தை காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த படத்தைப் பார்த்தேன். படச்சுருளின் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்கள். மாடிப்படி. படியின் கைப்பிடி நடுவில் உடைந்து, அங்கே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் குடியிருந்த வாடகை வீட்டுப் படி அது. கயிறு கட்டினதே நான்தான். படத்தை உண்டாக்கும்போது அந்தப் படியைத்தான் மனசில் வைத்திருந்தேன். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எங்கேயும் எழுதவில்லை. கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ எடுத்துக் கொடுத்தேன்.

மச்சான் ஏலத்தில் கேட்டார். போட்டிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. மூன்று வாரத்தில் பார்சல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மச்சான் வீட்டு ஹாலில் திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டுப் புரொஜெக்டரில் படத்தை ஓட்டினோம். மச்சான், நான், என் மனைவி. வீடு வந்தது. நான் நினைத்த அதே வீடு. கீழே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, எல்லோரும் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினார்கள். வீடு பார்க்க வந்த ஆளின் முகம் ஒரு தடவைகூடத் தெரியவில்லை. முதுகு மட்டும்தான். அந்த முதுகு சமையலறையைப் பார்த்தது, பின்கட்டைப் பார்த்தது, நாலாவது சுருளின் கடைசியில் மாடிப்படியில் கால் வைத்தது. "நிதானமாப் பாத்துட்டு வாங்க" என்று கீழேயிருந்து ஒரு பெண்குரல். ஒவ்வொரு படியாக ஏறினான். வலது தோள் கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கக் கை உடம்போடு ஒட்டாமல் ஆடியது. கடைசிப் படியில் மறைந்தான். சுருள் முடிந்து வால் படபடவென்று அடித்தது.

"என்ன படம்டா இது!" என்று மச்சான் துள்ளிக் குதித்தார். "அஞ்சாவது எங்க? அது எனக்கு வேணும் மாப்ளே!"

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசினாள்.

"அது எங்க அண்ணன் நடை."

"உளறாதே. படத்துக்கு அம்பது வயசு இருக்கும்."

"முப்பது வருஷமா டூல்ஸ் பை தூக்கி இறங்கின தோளுங்க அது. நான் அந்த முதுகுக்குப் பின்னாலயேதான் ஸ்கூலுக்குப் போனேன். எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரிந்தது. தெரியாதவர் ஹாலில் நின்றுகொண்டு சுருளைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தவர் மட்டும்தான். தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்?

அடுத்த வாரம் விற்றவரிடமிருந்து மச்சானுக்கு ஒரு தகவல் வந்தது. மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுக் காட்டினார். 'ஐந்தாவது டப்பா இருப்பது இப்போது தெரியவந்தது. மாடி அறையில் இருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, ஏற முடியாது. நீங்கள் வந்தால் நிதானமாக ஏறிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.'

"டிக்கெட் போட்டாச்சு" என்றார் மச்சான். "அடுத்த மாசம் நாலாம் தேதி."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழந்தைகள் படத்தை அவர் தூக்கினது, எனக்கு வந்த எரிச்சல், பொய்ப்பெயர், பொய்ப்படம், எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். "அப்படி ஒரு படமே கிடையாது மச்சான். நானா இட்டுக்கட்டினது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து நாலு டப்பாவையும் ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார்.

"இது என்ன மாப்ளே? இதுவும் நீ இட்டுக்கட்டினதா?"

"அதுதான் எனக்கும் புரியலை."

"எனக்குப் புரியுது. வயித்தெரிச்சல்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இவ்வளவு பெரிய சுருள் எனக்குக் கிடைச்சதுல உனக்கு வயித்தெரிச்சல். அதுக்காக இப்படியா காதுல பூ சுத்தறது?"

"அண்ணே, அவர் சொல்றது நிஜம். அன்னைக்கே என்கிட்ட சொன்னார்" என்றாள் என் மனைவி. "போகாதேண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"புருஷனுக்குத்தானே பேசுவே" என்று அவள் தலையில் கைவைத்து ஆட்டினார். "ரெண்டு வருஷம் தேடியிருக்கேன்மா. ஒரு மாடி ஏறி ஒரு டப்பா எடுக்கப் போறேன். தினமும் பத்து மாடி ஏறி இறங்கறவன்கிட்ட சொல்ற பேச்சா இது?"

பொய் சொன்னபோது வாயைத் திறந்து விழுங்கினவர் உண்மையைச் சொன்னபோது துப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள்.

"நீங்க எழுதினதுதானே நடக்குது?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப மிச்சத்தையும் நீங்களே எழுதுங்க. அவர் இறங்கி வர்ற மாதிரி எழுதுங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். உடனே உட்கார்ந்தோம். அவள் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் காகிதத்தில் எழுதினேன். 'ஐந்தாம் சுருளில் அவன் இறங்கி வருகிறான்.' அவள் கோடு போட்டாள். "யாரு அவன்? மேலே போன அதே ஆள்னு எழுதுங்க." எழுதினேன். "உயிரோடன்னு எழுதுங்க." எழுதினேன். "கை கால் கண்ணு எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதுங்க. தனியா வர்றார், பின்னால யாரும் வரலை. இறங்கினா மட்டும் போதாது, சொந்த வீட்டு வாசலுக்கு வந்து சேரணும். சிரிச்ச முகமா." வக்கீல் பத்திரம் தோற்றது. ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்தாள். ஒருவன் நல்லபடியாக வீடு வந்து சேர எத்தனை வார்த்தை வேண்டியிருக்கிறது! நாலு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஏத்துங்க" என்றாள். வாசலில் யாரோ மணி அடித்தார்கள். எழுந்து போனாள்.

நான் வரி மாறாமல் தளத்தில் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் படித்தபோது உறுத்தியது. படம் சேர்க்கிறவர்கள் கண்ணால் படித்தேன். காணாமல் போன சுருள், ஐம்பது வருஷம் கழித்து, ஒரு குறையும் இல்லாமல்? எவன் நம்புவான்? எங்கள் ஆட்கள் ஒரு கீறல், ஒரு கறை, ஒரு ஒட்டு இருந்தால்தான் நிஜம் என்பார்கள். சுத்தமாக இருப்பதைப் போலி என்று தள்ளிவிடுவார்கள். நம்பாமல் போனால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். இத்தனை வருஷம் பழகின விரல், யோசிக்காமலே கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டது. 'படம் தெளிவாக இருக்கிறது. ஒலித்தடம் மட்டும் அழிந்துவிட்டது.' பிறகு சேமித்தேன்.

அவள் திரும்பி வந்து, "ஏத்தியாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

நாலாம் தேதி மச்சான் கிளம்பினார். விமான நிலையத்தில் அவர் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்றவரே வந்து என்ன ஏது என்று விசாரித்தார். அவர் உள்ளே போகும்போது என் மனைவி அந்த முதுகைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் தகவல் இல்லை. அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை போனில் எழுத்து வந்தது. 'கிடைச்சிருச்சு!!! மாடி ஏறி எடுத்தேன். வீட்டுல எல்லாரும் ரொம்ப மரியாதையான ஆளுங்க.' அவள் ஓவென்று அழுது, உடனே கூப்பிட்டாள். அவர் எடுத்தார். எடுத்தது தெரிந்தது, பின்னால் வண்டிகள் போகும் சத்தம்கூடக் கேட்டது. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுத்து வந்தது. 'லைன் சரியில்ல போல. நான் கத்தறேன், உனக்குக் கேக்கலை. வந்து பேசறேன்.'

"லைன்தான்" என்றேன்.

அன்றைக்கே மச்சான் டப்பாவையும் சுருளையும் படம் எடுத்துத் தளத்தில் போட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நிர்வாகி முத்திரை குத்திப் பக்கத்தைப் பூட்டிவிட்டார். மனைவிக்குக் காட்டினேன். "நல்லதாப்போச்சு. இனிமே யாரும் மாத்த முடியாது" என்று பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். முழுசாகப் படித்துப் பார்க்கவில்லை. அவள் நாலு தடவை திருத்தினதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றோம். டாக்ஸி வந்தது. இறங்கினார். அதே ஆள், உயிரோடு, தனியாக. கை கால் கண் எல்லாம் நன்றாக இருந்தன. பின்னால் யாரும் வரவில்லை. கையில் தகர டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. என் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்ஸி கதவு சாத்தின சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. மச்சான் டப்பாவைத் தட்டிக் காட்டினார், அந்தத் தகரச் சத்தமும் நன்றாகக் கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தார். வாய் அகலமாகத் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தொடையில் தட்டி விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை. அவர் காதுக்கு அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது போல. நாங்கள் ஏன் மரம் மாதிரி நிற்கிறோம் என்று புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார்.

என் மனைவி அவர் கையை விடாமலே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் எழுந்து போனப்புறம் என்னங்க எழுதினீங்க?"

மச்சான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.